நீலகிரியில் கடன் நிவாரணம்: தேயிலைத் தொழிலும் கல்விக் கடனும்

கடன் பெற்றவரால் அதைத் திருப்பிச் செலுத்த இயலாதபோது, அந்தச் சுமையை அரசோ வங்கியோ முழுவதுமாக அல்லது ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்வது கடன் நிவாரணம் எனப்படும். தொழில் நிறுவனத்துக்கு நிவாரணம் அளிப்பதா, தனிமனிதருக்கு அளிப்பதா என்பது பல நாடுகளில் நடந்துவரும் விவாதம். அண்மைக் காலத்தில் இது 'நிறுவனங்களை மீட்கும் அரசு மாணவர்களின் கல்விக் கடனை ஏன் தள்ளுபடி செய்வதில்லை?' என்ற கேள்வியாக எழுந்துள்ளது.

இக்கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் ஒரே மாவட்டத்தில் காண விரும்புவோருக்கு நீலகிரி ஏற்ற இடம். பெரிய தேயிலைத் தோட்டம், அரசுத் தேயிலைக் கழகம், கூட்டுறவுத் தொழிற்சாலை, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய கல்விக் கடனில் படித்த பிள்ளை ஆகிய அனைவரும் இங்கே ஒரே பயிரின் விலையை நம்பி வாழ்கின்றனர். அந்த விலை விழும்போது எல்லோரும் கடனாளி ஆகின்றனர். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் நிவாரணம் ஒன்றாக இருப்பதில்லை.

சொற்களும் பொருளும்

இவ்விவாதத்தில் மூன்று சொற்கள் அடிக்கடி குழம்புகின்றன.

தள்ளுபடி: கடன் முற்றிலும் ரத்தாகிறது. கடன் பெற்றவர் அதன்பின் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. வங்கிக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடு செய்கிறது.

மறுசீரமைப்பு: கடன் ரத்தாவதில்லை. தவணைக் காலம் நீட்டிக்கப்படும், வட்டி குறைக்கப்படும், அல்லது சில மாதங்களுக்குத் தவணை நிறுத்திவைக்கப்படும்.

கணக்கிலிருந்து நீக்கம்: வசூலாகாத கடனை வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறது. சட்டப்படி கடன் அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரலாம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட தகவலின்படி, அதற்கு முந்தைய 5 நிதியாண்டுகளில் வங்கிகள் இவ்வாறு நீக்கிய தொகை சுமார் ரூ.10.09 லட்சம் கோடி. இதை மேடைப் பேச்சுகளில் 'தள்ளுபடி' என்று சொல்வது துல்லியமன்று. நீக்கிய தொகையில் சிறு பகுதியே பின்னர் வசூலாகிறது என்பதால், வேறுபாடு பெயரில்தான் என்று விமர்சகர்கள் கூறுவதும் முற்றிலும் பொருந்தாதது அன்று.

காப்பியிலிருந்து தேயிலைக்கு

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பகுதிக்கு வந்ததைத் தொடர்ந்து ஐரோப்பியர் நீலகிரியில் குடியேறினர். முதலில் பரவிய தோட்டப்பயிர் காப்பி. 1869-ல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் விரைவில் தென்னிந்தியாவையும் தாக்கியது. தண்டுத்துளைப்பானும் சேர்ந்து பல காப்பித் தோட்டங்களை அழித்தது. 1850-களின் இறுதியிலேயே வணிக அளவில் பயிரிடப்பட்டிருந்த தேயிலை படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது.

தோட்ட முதலாளிகள் 1893-ல் தென்னிந்திய ஐக்கியத் தோட்ட உரிமையாளர் சங்கத்தை (உபாசி) அமைத்தனர். இதன் தலைமையகம் குன்னூரில் உள்ளது. நெருக்கடி வந்தால் அரசிடம் ஒரே குரலில் பேச ஓர் அமைப்பு அவர்களுக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

சிறு விவசாயியின் கடனைப் பற்றி அதே காலத்தில் ஆராய்ந்தவர் சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். கந்துவட்டியிலிருந்து விடுபட, கிராமத்தார் தாமே கூடிக் கடன் சங்கம் அமைக்க வேண்டும் என்று 1895, 1897 ஆண்டுகளில் வெளிவந்த தம் அறிக்கையில் அவர் பரிந்துரைத்தார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அது வழி வகுத்தது. ஓய்வு பெற்றபின் நிக்கல்சன் குன்னூரிலேயே வாழ்ந்தார்.

1930-களின் இரு நிவாரணங்கள்

1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் தேயிலை விலையும் தானிய விலையும் சரிந்தன. அரசு இரு பிரிவினருக்கும் உதவியது. உதவிய முறைதான் வேறு.

தேயிலைத் தோட்டங்களுக்காக 1933-ல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. புதிதாகத் தேயிலை நடுவதும் கட்டுப்படுத்தப்பட்டது. இந்திய அரசு அதே ஆண்டில் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி இதை நடைமுறைப்படுத்தியது. வரத்து குறைந்ததால் விலை மீண்டது. யாருடைய கடனும் ரத்தாகவில்லை. கடனைக் கட்டும் வருமானம் திரும்பக் கிடைத்தது.

விவசாயிகளுக்காகச் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான அரசு 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி நீக்கப்பட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. இங்கே விலை உயரவில்லை, கடன்தான் குறைக்கப்பட்டது. அதன் இழப்பு பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள் தலையில் விழுந்தது.

தொழிலுக்கு விலைப் பாதுகாப்பு, தனிமனிதருக்குக் கடன் குறைப்பு என்ற இந்த இரு வழிகளும் பிற்கால விவாதங்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

சிறு விவசாயிகளின் வருகை

நீலகிரியின் படுகர் ஊர்களான ஹட்டிகளில் நெடுங்காலம் உருளைக்கிழங்கும் மலைக்காய்கறிகளும் விளைந்தன. 1961-ல் உருளைக்கிழங்கில் நூற்புழுத் தாக்குதல் கண்டறியப்பட்டது. ஆண்டு முழுவதும் பறிக்கக்கூடிய தேயிலை பாதுகாப்பான பயிராகத் தோன்றியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் தேயிலைக்கு மாறின. இவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலமே உள்ளது.

பறித்த பசுந்தேயிலையைச் சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். நெல்லைப் போலப் பத்தாயத்தில் கொட்டி, விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. எனவே தனியார் தொழிற்சாலை சொன்ன விலைதான் விலை என்ற நிலை இருந்தது. இதற்கு மாற்றாக 1962-ல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பின்னர் உருவான இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக 1965-ல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்ட்கோசர்வ் நிறுவப்பட்டது.

மற்றொரு பிரிவினர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை அளிக்க 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) என்ற அரசு நிறுவனமாயிற்று.

இதனால் நீலகிரியில் 'தொழில் நிறுவனம்' என்ற சொல் தனியார் முதலாளியை மட்டும் குறிப்பதில்லை. ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலை மூடப்பட்டால் அதன் உறுப்பினர்களின் இலை அன்றே வீணாகும். அதைக் காப்பாற்றுவது விவசாயியைக் காப்பாற்றுவதே.

விலைச் சரிவும் மீட்புத் திட்டங்களும்

தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய நாடு சோவியத் ஒன்றியம். 1991-ல் அது சிதறியபின் அந்தச் சந்தை நிலையற்றதாயிற்று. 1999-க்குப் பிறகு உலக அளவில் தேயிலை மிகுதியானதும், தரக்குறைவும் சேர்ந்து பசுந்தேயிலை விலையைக் கடுமையாகச் சரித்தன. 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தையும் விவசாயிகள் காரணமாகக் கூறினர். அடுத்தடுத்து மூன்று திட்டங்கள் வந்தன.

2003-ல் தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலைச் சிறு விவசாயிகளுக்காக ரூ.500 கோடியில் விலை நிலைப்படுத்தும் நிதியம் அமைக்கப்பட்டது. 4 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்கள் இதில் சேரலாம். சேர்ந்தவர்கள் குறைவு.

2004-ல் சிறப்புத் தேயிலைத் தவணைக் கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெரிய தோட்டங்களின் ஒழுங்காகச் செலுத்தப்படாத கடன் பகுதி, ஓராண்டுச் சலுகைக் காலத்துடன் 5 முதல் 7 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனாக மாற்றப்பட்டது. சிறு விவசாயிகளுக்கு 9 விழுக்காட்டுக்கு மிகாத வட்டியில் ரூ.2 லட்சம் வரை நடைமுறை மூலதனக் கடன் அறிவிக்கப்பட்டது.

2007-ல் சிறப்பு நோக்கத் தேயிலை நிதியம் தொடங்கியது. முதிர்ந்த செடிகளை அகற்றி மறுநடவு செய்யும் செலவில் 25 விழுக்காடு மானியம், 50 விழுக்காடு கடன், எஞ்சிய 25 விழுக்காடு தோட்ட உரிமையாளரின் சொந்தப் பணம் என்பது இதன் ஏற்பாடு.

இரண்டாவது திட்டத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் பழைய கடனுக்கு அவகாசம் தரப்பட்டது. சிறு விவசாயிக்கோ மேலும் கடன் தரப்பட்டது. இத்திட்டங்கள் எவையும் 'தள்ளுபடி' என்று அழைக்கப்படவில்லை. தேர்தல் மேடையில் பேசப்படவும் இல்லை.

விவசாயக் கடன் தள்ளுபடிகள்

தனிமனிதருக்கான நிவாரணம் வேறு வழியில் வந்தது. 2006 மே மாதம் முதலமைச்சராகப் பதவியேற்ற மு. கருணாநிதி, ரூ.6,866 கோடி கூட்டுறவு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தார். 2008 பிப்ரவரி 29-ல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் நாடு தழுவிய விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களின் தகுதியான நிலுவைக் கடன் முழுவதும் நீங்கியது. மற்றவர்களுக்கு 25 விழுக்காடு சலுகை. தோட்டப்பயிர்களுக்கான நடைமுறை மூலதனக் கடன் ரூ.1 லட்சத்துக்கு மிகாதவரை இதில் அடங்கியது.

2016 மே 23-ல் முதலமைச்சர் ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளின் ரூ.5,780 கோடி கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தார். எல்லா விவசாயிகளுக்கும் இதை விரிவாக்க 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, எளியவருக்கு முன்னுரிமை அளிப்பது அரசியலமைப்புக்கு முரணானது அன்று என்றது. 2021 பிப்ரவரியில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ரூ.12,110 கோடி தள்ளுபடியை அறிவித்தார். அதே ஆண்டு திமுக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களை, தகுதி வரையறைகளுடன், தள்ளுபடி செய்தது.

'சிறு விவசாயி' என்ற சொல்லின் அளவு திட்டத்துக்குத் திட்டம் மாறியதையும் இங்கே காணலாம். தேயிலை வாரியத்துக்கு அது 10.12 ஹெக்டேர் வரை. விலை நிலைப்படுத்தும் நிதியத்துக்கு 4 ஹெக்டேர். கடன் தள்ளுபடிக்கு 2 ஹெக்டேர். ஒரே மனிதர் ஓர் அலுவலகத்தில் சிறு விவசாயியாகவும் அடுத்த அலுவலகத்தில் அவ்வாறு இல்லாதவராகவும் இருக்க நேர்ந்தது.

தள்ளுபடி எட்டாதவர்கள்

கடன் வாங்க முடிந்தவருக்கே கடன் தள்ளுபடி கிடைக்கும். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இது பெரிய தடை. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை பல பத்தாண்டுகளாகத் தீராத சிக்கலாக உள்ளது. அங்கே பயிரிடும் பலரிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அவர் வாங்கியது தனியாரிடம் வாங்கிய கைமாற்றும் வட்டிக் கடனும். எந்தத் தள்ளுபடி அறிவிப்பும் அந்தக் கடனைத் தொடுவதில்லை.

தோட்டத் தொழிலாளர்களும் இவ்வாறே விடுபடுகின்றனர். நட்டத்தில் இயங்கிய டான்டீக்கு அரசு பலமுறை நிதி உதவி அளித்தது. எனினும் 2022-ல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க முடிவாயிற்று. நிறுவனத்தின் கணக்கு சீராகலாம். தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலையோடு சேர்ந்த தோட்டக் குடியிருப்பும் கேள்விக்குறியாகிறது.

கல்விக் கடன்

விலைச் சரிவுக்குப் பின் மலைக் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளைத் தேயிலைக்கு வெளியே அனுப்ப விரும்பின. கோயம்புத்தூர்ப் பகுதியில் பெருகிய பொறியியல் கல்லூரிகள் அருகில் இருந்தன. 2001-ல் உருவான மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை பிணையம் தேவையில்லை. ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். இந்தியாவில் கல்விக் கடன் மிகுதியாக வழங்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

2009-10 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சம் வரை உள்ள குடும்பத்து மாணவர்கள் தொழிற்கல்வி பயின்றால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்றது. 2009 மார்ச் 31-க்கு முன் கடன் வாங்கியோருக்காக 2014 இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் ஒரு நிவாரணம் அறிவித்தார். 2013 டிசம்பர் 31 அன்று நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்கும், இதற்கு ரூ.2,600 கோடி, பயன்பெறுவோர் சுமார் 9 லட்சம் மாணவர்கள். ஒரே நிதியமைச்சர் 2008-ல் விவசாயியின் அசலையும் வட்டியையும் நீக்கினார். 2014-ல் மாணவரின் வட்டியை மட்டும் நீக்கினார். அசல் நின்றது.

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டும் கல்விக் கடன் தள்ளுபடியை வாக்குறுதியாக அளித்தன. கூட்டுறவுக் கடன் தள்ளுபடி நிறைவேறிய அளவுக்கு இது நிறைவேறாமைக்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. கூட்டுறவு வங்கிகள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவற்றுக்குரிய ஈட்டை அரசு பல ஆண்டுத் தவணைகளில் தரலாம். கல்விக் கடனோ பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகள் வழங்கியது. அதைத் தள்ளுபடி செய்ய மாநில அரசு மத்திய அரசின் வங்கிகளுக்குப் பணம் செலுத்த வேண்டும். ஆகவே மாநிலம் கடனைத் தீர்ப்பதைவிடக் கடன் தேவைப்படாமல் செய்வதிலேயே கூடுதல் பயன் கண்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பது ஆகியவை அத்தகையவை. ஏற்கெனவே கடன் வாங்கிவிட்ட தலைமுறைக்கு இவை உதவா.

வாதங்கள்

நிறுவனங்களை மீட்பதை ஆதரிப்போர், ஒரு தொழிற்சாலையோடு பல நூறு பேரின் வருமானம் பிணைந்துள்ளது என்கின்றனர். பசுந்தேயிலையைப் பொறுத்தவரை இது கண்கூடு. நிறுவனம் பிழைத்தால் வரி வரும், கடனும் திரும்பும் என்பது அவர்கள் வாதம்.

மாணவர் கடன் தள்ளுபடியை எதிர்ப்போர், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தவணை செலுத்தியவர் ஏமாளி ஆவார் என்கின்றனர். கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்தும், வங்கிகள் அடுத்த மாணவருக்குக் கடன் தரத் தயங்கும் என்றும் கூறுகின்றனர். 2008 தள்ளுபடியை ஆய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013-ல் அளித்த அறிக்கை, தகுதியுள்ளோர் விடுபட்டதையும் தகுதியற்றோர் பயனடைந்ததையும் எடுத்துக்காட்டியது. இந்த எச்சரிக்கை எந்தத் தள்ளுபடிக்கும் பொருந்தும்.

தள்ளுபடியை ஆதரிப்போர், நிறுவனம் நொடித்தால் திவால் சட்டம் வழி ஒரு முடிவு கிடைக்கிறது, மாணவர் தன் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடனிலிருந்து விடுபட முடியாது என்கின்றனர். மேலும் தவணை தவறினால் இணைக் கடனாளியான பெற்றோரின் கடன் மதிப்பெண்ணும் குறைகிறது. மகனுக்கு வேலை கிடைக்காதது, உரம் வாங்கத் தந்தை கேட்கும் கடனுக்குத் தடையாகிறது. இரு கடன்களும் ஒரே அடுப்படியில்தான் சந்திக்கின்றன.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடியின்போது வங்கிகளையும் பிற நிறுவனங்களையும் காக்க 70,000 கோடி டாலர் வரை ஒதுக்க நாடாளுமன்றம் இசைந்தது. 2020 பெருந்தொற்றில் சிறு தொழில்களுக்கு ஊதியம் வழங்க அளிக்கப்பட்ட சுமார் 80,000 கோடி டாலர் கடனில் பெரும்பகுதி பின்னர் மன்னிக்கப்பட்டது. 2022-ல் அதிபர் பைடன், மாணவர் ஒருவருக்கு 10,000 டாலர் வரையும், ஏழை மாணவர் உதவித்தொகை பெற்றோருக்கு 20,000 டாலர் வரையும் கடன் தள்ளுபடி அறிவித்தார். 2023 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இந்தியாவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நிறுவனம், விவசாயி, மாணவர் மூவருக்கும் தவணை ஒத்திவைப்பு ஒன்றுபோல் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் தொழில்களுக்கு ரூ.3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. மாணவர்களுக்கு அதற்கு இணையான திட்டம் வரவில்லை.

மதிப்பீடு

நீலகிரியின் வரலாறு காட்டுவது இது: நிறுவனத்துக்கு நிவாரணம் முன்கூட்டியே, அவகாசமாக, ஓசையின்றி வருகிறது. விவசாயிக்கு அது கடன் முற்றியபின், தள்ளுபடியாக, தேர்தலையொட்டி வருகிறது. மாணவருக்கு வட்டியளவில் நின்றுவிடுகிறது. இதற்குத் தகுதியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தோட்டத்துக்குச் சங்கம் உண்டு; விவசாயிக்கு வாக்கும் கூட்டுறவும் உண்டு. 2023-ல் சிறு தேயிலை விவசாயிகள் கிலோவுக்கு ரூ.33.50 கேட்டுக் கோத்தகிரி அருகே தொடர் உண்ணாவிரதம் இருந்தனர். மறு ஆண்டில் மாநில அரசு கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு ரூ.2 மானியம் அறிவித்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி பெரிது. எனினும் ஒன்றாய் நின்று கேட்க அவர்களுக்கு ஓர் ஊரும் ஒரு விலையும் இருந்தன. படித்து முடித்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சிதறிய கடனாளி மாணவர்களுக்கு அவ்விரண்டும் இல்லை.

எனவே 'தள்ளுபடியா, மீட்பா' என்பதைவிட, ஒரே வகை நெருக்கடிக்கு ஏன் மூன்று வகை அளவுகோல் என்று கேட்பது பொருத்தம். 2004-ல் பெரிய தோட்டங்களுக்கு வழங்கப்பட்டது தள்ளுபடி அன்று. ஓராண்டுச் சலுகையும் 5 முதல் 7 ஆண்டு அவகாசமும்தான். வேலை கிடைக்காத பட்டதாரிக்கும் அவர் தந்தைக்கும் வருமானத்துக்கு ஏற்ற தவணை, உண்மையான சலுகைக் காலம், பெற்றோரின் பயிர்க்கடனுக்குத் தடையாகாத விதி ஆகியவற்றை அளிப்பது அதைவிடப் பெரிய சலுகை ஆகாது.